சைகோனில் அம்மா அப்பாவுக்கு எந்த ஹோட்டல் நல்லது?

வெள்ளவத்தைப் பிள்ளை:
வணக்கம். தைப்பொங்கல் முடிந்த கையோடு அம்மாவையும் அப்பாவையும் வியட்நாமில் ஹோ சி மின் நகரத்துக்கு, அதுதான் பழைய சைகோனுக்கு, கூட்டிக்கொண்டு போகிறேன். அவர்களின் 40ஆவது கல்யாண நாள், அதனால் ஹோட்டலுக்குக் காசு பார்க்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், அதோடு சுத்த சைவம். அப்பாவுக்குச் சத்தம் இருந்தால் நித்திரை வராது. ஆற்றைப் பார்த்த அறை எடுக்கலாமா? போய்த் தங்கியவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா:
தங்கச்சி, நான் மாமியைக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கினேன். நட்சத்திரத்தை விடுங்கள். ஹோட்டல் எந்த இடத்தில் இருக்கிறது, அறை எந்தப் பக்கம் பார்க்கிறது, இந்த இரண்டும்தான் முக்கியம்.

முன்பு முதலாம் மாவட்டம் என்றிருந்த நகர நடுப்பகுதிக்குள்ளேயே எடுங்கள். ஒப்பெரா மண்டபத்துக்குப் பக்கத்தில் 1880இல் திறந்த கொன்டினென்டல், 1959இல் திறந்த கரவெல் என்ற ஹோட்டல்கள் இரண்டும் இருக்கின்றன. ரெக்ஸ் கொஞ்சம் தள்ளி. டொங் கோய் வீதி முடிகிற இடத்தில், ஆற்றங்கரையில் 1925ஆம் ஆண்டு மஜெஸ்டிக். ஆற்றுப் பக்க அறை படத்தில் வடிவுதான், ஆனால் ஆற்றுக்கும் அறைக்கும் நடுவே பெரிய வீதி ஓடுகிறது. பச்சை விளக்கு விழுந்ததும் மோட்டார் சைக்கிள்கள் கூட்டமாகக் கிளம்பும், ஹோர்ன் வேறு. அப்பாவுக்கு அது சரிவராது. பழைய கட்டடம் என்றால் உள்முற்றத்தைப் பார்த்த அறை, புதியது என்றால் மேல்மாடியில் பின்பக்க அறை. முன்பதிவுத் தளத்தில் குறிப்பு எழுதிவிட்டு இருக்காமல் ஹோட்டலுக்கே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

அடுத்தது குளியலறை. நாங்கள் தங்கிய இடத்தில் தொட்டிக்குள் ஏறி நின்றுதான் குளிக்க வேண்டும். மாமி ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு டவல் கம்பியைப் பிடித்தார், கம்பி ஆடியது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. தனி ஷவர் உள்ள அறைதான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் நுவொக் மாம் என்கிற மீன் சாறு மரக்கறிச் சூப்பில்கூட இருக்கும். 'அன் சாய்', அதாவது சைவச் சாப்பாடு, என்று சொல்லிக் கேளுங்கள், அது இல்லாமல் தருவார்கள். அங்கத்தைய பௌத்தர்கள் பலர் பூரணைக்கும் அமாவாசைக்கும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள்.

அப்புறம், பென் தான் சந்தையில் இருந்து சில நிமிட நடையில், ட்ருவோங் டின் வீதியில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். வருகிறவர்களில் வியட்நாம் சனம்தான் கூட. பின்சுவர்க் கல்லில் நெற்றியை அழுத்தி வைத்து, வேண்டுதலை மெல்லச் சொல்கிறார்கள். ஒரு வயதான அம்மா சொல்லி முடித்து நகர்ந்ததும் எங்கள் மாமியும் போய் அதே இடத்தில் நெற்றியை வைத்தார். கொழும்பு திரும்பிய பிறகும் ஆற்றையும் கடைகளையும் விட அதைத்தான் கதைக்கிறார்.

தெஹிவளை மூர்த்தி:
அக்கா சொன்னது சரி. காசு விசயம் நான் சொல்கிறேன். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் வாட் வரியும் தனி, 13 முதல் 15 சதவீதம் வரை ஏறும். அங்கத்தைய காசு டொங். 20,000 டொங் தாளும் 500,000 டொங் தாளும் நீலம், இருட்டில் பார்த்துக் கொடுங்கள். ஈ-விசா ஒருமுறை நுழைய 25 டொலர். அரசாங்கத் தளத்திலேயே எடுங்கள், பெயரைப் பாஸ்போட்டில் உள்ளபடியே முழுக்க எழுதுங்கள். தெத் புத்தாண்டு எப்போது என்றும் பாருங்கள். ஜனவரி கடைசியிலோ பெப்ரவரியிலோ வரும், அந்த நாட்களில் பாதிக் கடைகள் பூட்டுத்தான்.

வெள்ளவத்தைப் பிள்ளை:
மிக்க நன்றி அக்கா, அண்ணா. குளியல் தொட்டியை நான் யோசித்தே பார்க்கவில்லை. அம்மாவை வைத்துக்கொண்டு வீதி கடக்கத்தான் பயமாக இருக்கிறது.

கொட்டாஞ்சேனை அக்கா:
ஹோட்டல் வாசலில் நிற்கிற காவலாளியைக் கேளுங்கள், கையைக் காட்டி மறித்துக் கடத்திவிடுவார். பக்கத்து இடம் என்றாலும் கிராப் என்கிற ஃபோன் செயலியில் காரைக் கூப்பிடுங்கள், வாடகை முதலே திரையில் தெரியும். நடந்துதான் ஆக வேண்டும் என்றால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் மெதுவாக நடங்கள், மோட்டார் சைக்கிள்காரர்கள் விலகிப் போவார்கள். ஓடவும் வேண்டாம், நடுவில் பின்வாங்கவும் வேண்டாம். அங்கே வண்டி ஓடுவது வலது பக்கத்தில். கொழும்பில் காலி வீதியைக் கடக்கிற பழக்கத்தில் வலப்பக்கம் பார்த்து இறங்காமல், முதலில் இடப்பக்கம் பாருங்கள்.