சின்யோரியா சதுக்கத்துச் சிலைகள்: பார்த்தவர்கள் பகிருங்கள்

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் உள்ள சின்யோரியா சதுக்கத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் தாவீது சிலையின் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அங்கிருந்த பீடங்களை விட்டு வர மனமில்லை. ஒவ்வொரு சிலையையும் செதுக்கியது யார் என்பதைவிட, யார், எப்போது, எதற்காக அங்கே நிறுத்தினார்கள் என்பதுதான் என்னை இழுத்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் அங்கே சிலைகள் இடம் மாறியிருக்கின்றன.

அங்கே பலாத்சோ வெக்கியோ அரண்மனையின் முன் நிற்கும் யூதித்துவையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிரித் தளபதியைக் கொன்று தன் ஊரைக் காத்ததாக விவிலியக் கதை சொல்லும் பெண் அவள். டோனடெல்லோ வார்த்த வெண்கலச் சிலையின் நகல் அது. ஒரு கையில் வாளை ஓங்கி, மறு கையில் எதிரித் தளபதியின் தலைமயிரைப் பற்றியிருக்கிறாள். குனிந்து பார்த்தால் அவளுடைய கால் அவன் மணிக்கட்டை மிதித்திருப்பது தெரியும். நகரைத் தன் பிடியில் வைத்திருந்த செல்வக் குடும்பமான மெதிச்சி குடும்பம் தன் மாளிகைக்காகச் செய்வித்த சிலை. 1494ல் மக்கள் அக்குடும்பத்தை நகரை விட்டு விரட்டினார்கள். மறு ஆண்டே சிலையை எடுத்துவந்து அரண்மனை வாசலில் வைத்து, பொது நலனுக்கு எடுத்துக்காட்டாகக் குடிமக்கள் நிறுவியது என்று இலத்தீனில் பொறித்தார்கள். சிலை அதேதான், ஆனால் செல்வர் வீட்டில் அழகுப் பொருளாக இருந்தது, அந்தச் செல்வருக்கே எச்சரிக்கையாகிவிட்டது.

மைக்கலாஞ்சலோவின் தாவீது முதலில் தேவாலயத்தின் உயரத்தில் நிறுத்துவதற்காகத் திட்டமிடப்பட்டது. வேறு சிற்பிகள் தொடங்கிக் கைவிட்ட பளிங்குப் பாறை அது. 5 மீட்டருக்கு மேல் உயரம். சிலை முடியும் தறுவாயில், 1504 ஜனவரி 25 அன்று, எங்கே வைப்பது என்று முடிவுசெய்ய ஒரு குழு கூடியது. லியனார்டோ டா வின்சியும் போட்டிச்செல்லியும் அதில் இருந்தார்கள். மழையும் வெயிலும் பளிங்கை அரிக்கும், சதுக்கத்தின் ஓரத்தில் உள்ள கூரையுள்ள தூண் மண்டபத்தில் வையுங்கள் என்று கட்டடக் கலைஞர் ஜூலியானோ தா சங்கல்லோ சொன்னார். லியனார்டோவும் அதை ஆதரித்தார். நகர அரசின் அறிவிப்பாளரோ, பெண் ஆணைக் கொல்வது தகாது, அந்த யூதித்து வந்த பிறகு பீசா நகரமே கைவிட்டுப் போயிற்று, அவளை எடுத்துவிட்டு அங்கே தாவீதை வைக்கலாம் என்றார். கடைசியில் அவர் சொன்ன இடம்தான் நிலைத்தது. பளிங்கு குறித்துச் சங்கல்லோ கொண்ட கவலையும் நியாயமானதே: 1873ல் சிலையை அகாதமியா காட்சியகத்துக்குள் கொண்டுபோக வேண்டியதாயிற்று. இன்று வெளியே நிற்பது 1910ல் வைத்த நகல்.

பட்டறையிலிருந்து சிலையை வெளியே எடுக்க வாசலுக்கு மேலிருந்த சுவரை இடித்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் உருளைகள்மேல் வைத்து நகர்த்த, சதுக்கம் வந்துசேர நான்கு நாள் ஆனது. முதல் இரவிலேயே அதன்மீது கல்லெறிந்தார்கள். காவல் போட வேண்டியிருந்தது. 1527 கலவரத்தில் அரண்மனையிலிருந்து வீசிய பெஞ்சு ஒன்று விழுந்து இடது கை மூன்று துண்டானது. அகாதமியாவில் மூலச்சிலையைப் பார்க்கும்போது அந்த இடக் கையையே வெகுநேரம் பார்த்திருந்தேன்.

மற்றவர்களும் எழுதுங்கள்.

*

யூதித்துவைப் பற்றி நீங்கள் எழுதியதோடு கிரேக்கக் கதை வீரன் பெர்சியஸின் சிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், நண்பரே. மெதிச்சிகள் திரும்பி வந்து ஆட்சியைப் பிடித்த பிறகு, அக்குடும்பத்து ஆட்சியாளர் கோசிமோ 1545ல் சிற்பி செல்லினியிடம் சொல்லிச் செய்வித்த வெண்கலம் அது. 1554ல் தூண் மண்டபத்தின் வளைவில் திறந்துவைத்தார்கள். தான் வெட்டிய அரக்கி மெதூசாவின் தலையை அவன் உயர்த்திப் பிடித்திருக்கிறான். அந்த முகத்தைப் பார்த்தவர் கல்லாவார் என்பது கதை. எதிரே, மெதிச்சிகளை விரட்டிய காலத்தில் குடியரசு நிறுத்திய தாவீது கல்லாகவே நிற்கிறது. இது கோசிமோ வேண்டுமென்றே சொன்ன செய்தி என்றே நான் நம்புகிறேன்.

நான் போனபோது மண்டபத்துக்குள் ஏறிச் சிலையின் பின்புறம் சென்றேன். அங்கே போகாமல் யாரும் திரும்பாதீர்கள். தலைக்கவசத்தின் பின்பக்கமும் சுருள்முடியும் சேர்ந்து தாடி வைத்த முதியவரின் முகமாகத் தெரியும். செல்லினியின் முகம் என்பார்கள். மார்பின் குறுக்கே ஓடும் வாரில் தன் பெயரையும் பொறித்திருக்கிறார்.

வார்ப்பு நடந்த இரவைச் செல்லினியே எழுதி வைத்திருக்கிறார். காய்ச்சலில் படுத்திருந்தவரிடம் உலோகம் உறைகிறது என்று வந்து சொன்னார்களாம். எழுந்து ஓடி, அடுப்பைக் கொழுந்துவிட்டு எரியச் செய்து, உலோகம் இளகி ஓடுவதற்காக வீட்டிலிருந்த வெள்ளீயப் பாத்திரங்களையெல்லாம் அதில் போட்டார். தன் பெருமையைக் கூட்டிச் சொல்லும் மனிதர்தான். ஆனால் மெதூசாவின் கழுத்திலிருந்து குருதி கொத்தாகத் தொங்குவதைப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கதையைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

*

இருவருக்கும் நன்றி. நான் ஒன்றைச் சேர்க்கிறேன். தாவீதுக்காக விலக்கப்பட்ட யூதித்து தூண் மண்டபத்துக்குப் போனாள். 1583ல் சிற்பி ஜம்போலோஞா ஒரே பளிங்கில் மூன்று உருவங்களைச் சுழன்றேறும்படி செதுக்கிய சிலைக்காக அங்கும் தன் இடத்தை விட்டுக்கொடுத்தாள். ஜம்போலோஞா கதை எதையும் மனத்தில் வைத்துச் செதுக்கவில்லை. சபீனப் பெண் கவர்தல் என்று பழைய ரோமானியக் கதையைச் சொல்லும் பெயர் பிறகுதான் வந்தது. யூதித்து மீண்டும் அரண்மனை முன் வந்தது 1919ல்.

என்னுடன் வந்த வழிகாட்டி வெளியே நிற்கும் யூதித்துவையே மூலச்சிலை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது மிகுந்த வருத்தம். மூல யூதித்து அரண்மனைக்குள்ளே, லில்லி மண்டபத்தில் இருக்கிறாள். அங்கே அருகில் நின்று முக்காட்டுத் துணியின் மடிப்புகளைப் பார்க்கலாம். பெர்சியஸின் பீடத்திலிருந்த சிறிய வெண்கல உருவங்களின் மூலங்கள் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சதுக்கத்தைப் பார்த்த கையோடு இந்த இரண்டு இடங்களுக்கும் போய்விடுங்கள்; இரண்டுமே நடந்து போகும் தூரம்தான்.