முன்சக்கரமா, பின்சக்கரமா: சிறிய வேகக் கார்களை ஓட்டியவர்கள் சொல்வது

கொலோனிலிருந்து:

ஜெர்மனியிலுள்ள நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையின் வடக்குச் சுற்றில், பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும் நேரங்களில், வாடகைக்கு எடுத்த டொயோட்டா ஜிடி86 காரையும், நண்பர் ஒருவரின் ஹோண்டா சிவிக் டைப் ஆர் காரையும் (2017-இல் வெளிவந்த தலைமுறை) ஓட்டியிருக்கிறேன். முன்னது 200 குதிரைத்திறனும் பின்சக்கர இயக்கமும் கொண்டது; பின்னது 320 குதிரைத்திறன் முழுவதையும் முன்சக்கரங்களுக்கே அனுப்புவது. திறனில் இவ்வளவு இடைவெளி இருப்பதால் எது வேகமானது என்று கேட்பதில் பொருளில்லை. ஆனால் இயக்கும் சக்கரம் மாறும்போது ஓட்டுபவரின் வேலை எப்படி மாறுகிறது என்பது நன்றாகவே தெரிந்தது.

ஏறத்தாழ 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் இதை அறிய ஏற்ற இடம் பெர்க்வெர்க் என்னும் வலது வளைவு. அதைத் தாண்டியதும் நீண்ட ஏற்றம் தொடங்குவதால், வளைவிலிருந்து வெளியேறும்போது இழக்கும் வேகத்தை ஏற்றம் முடியும் வரை மீட்க முடியாது. முன்சக்கர இயக்கத்தில், ஒரே ஆள் மூட்டையையும் சுமந்து வழியையும் காட்டுவதைப் போல, காரைத் திருப்புவதும் இழுப்பதும் அதே இரண்டு டயர்களின் பொறுப்பாகிவிடுகின்றன. ஆக்சிலரேட்டரை அழுத்தியவுடன் எடை பின்னோக்கி நகர்ந்து முன் டயர்களின் பிடிமானம் குறையும் என்பதால், சாதாரண முன்சக்கரக் கார் இந்த இடத்தில் வளைவுக்கு வெளியே ஒதுங்கத் தொடங்கும். டைப் ஆர் அப்படி ஒதுங்கவில்லை. இரு சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடும் அதன் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல், வெளிப்புறச் சக்கரத்துக்குக் கூடுதல் விசையை அனுப்புவதால், துணிந்து அழுத்தினால் காரின் மூக்கு உட்புறமாகவே இழுக்கப்படுகிறது. ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் திமிறும் டார்க் ஸ்டியர் தொல்லையும் மிகக் குறைவு. சக்கரம் திரும்பும் அச்சை, சஸ்பென்ஷனின் தூணான ஸ்ட்ரட்டிலிருந்து பிரித்து அமைத்திருப்பது அதற்கு முக்கியக் காரணம்.

ஜிடி86 அதே வளைவில் வேறு விதமாக நடந்துகொண்டது. முன் டயர்களுக்குத் திருப்புவது மட்டுமே வேலை என்பதால் ஸ்டியரிங்கில் கனமும் குழப்பமும் இல்லை. வளைவின் நடுப்பகுதியைத் தாண்டியபின் வலது காலின் அழுத்தத்தைச் சிறிது கூட்டியும் குறைத்தும் காரின் பின்பகுதியைக் கொண்டு பாதையைத் திருத்திக்கொள்ள முடிந்தது. ஏற்றத்தில் டைப் ஆர் அதை எளிதாக முந்திவிடும் என்பது வேறு கதை. என் விருப்பத்தைக் கேட்டால் ஜிடி86 என்றே சொல்வேன். நேரக் கணக்கைக் கொண்டு அந்த விருப்பத்தை நியாயப்படுத்த முடியாது.

கோயம்புத்தூரிலிருந்து:

ஜெர்மனிக்குப் போகாமலேயே இந்த வேறுபாட்டை உணரும் வாய்ப்பு எங்கள் ஊரில் இருக்கிறது. செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் ஃபார்முலா எல்ஜிபி 1300 வகை ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களில், மாருதி ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்துப் பின்சக்கரங்களை இயக்குகிறார்கள். அதே எஞ்சினும் முன்சக்கர இயக்கமும் கொண்ட ஸ்விஃப்ட்டை அதே 2.1 கிலோமீட்டர் பாதையில் ஓட்டிவிட்டு இதில் ஏறி அமர்ந்தபோது, நெருக்கமான வளைவுகளில் ஸ்விஃப்ட்டுக்காகக் காத்திருந்த நேரம் இதில் தேவைப்படவில்லை. இந்தக் காரின் எடை மிகக் குறைவு, அமைப்பும் முற்றிலும் வேறு என்பதால் எல்லாப் பெருமையும் பின்சக்கரங்களுக்கே சேராது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் வளைவின் நடுவில் சட்டென்று காலை எடுத்தால் இது ஸ்விஃப்ட்டைப் போல மன்னிப்பதில்லை.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து:

மேலே எழுதிய நண்பரின் கடைசி வரியோடு ஓரளவே உடன்படுகிறேன். முன்சக்கரக் கார்கள் எல்லாமே மன்னிப்பவை அல்ல. பெஜோ 205 ஜிடிஐ போன்ற எடை குறைந்த பழைய கார்களில், வளைவின் நடுவே காலை எடுத்தால் பின்பகுதி சுழன்று வரும் என்பது ஊரறிந்த செய்தி.

என்னிடம் இருப்பது பின்சக்கர இயக்கம் கொண்ட பழைய பிஎம்டபிள்யூ 1 சீரிஸ். 2019-இல் அந்த மாடல் முன்சக்கர இயக்கத்துக்கு மாறியபோது வருந்தியவர்களில் நானும் ஒருவன். புதியதை ஓட்டிப் பார்த்தபின், பின்னிருக்கையில் கூடியிருக்கும் இடத்தை என் மனைவி உடனே கவனித்தார். எஞ்சினைக் குறுக்காக வைத்து, பின்சக்கரங்களுக்குச் செல்லும் தண்டை நீக்கியதன் பயன் அது. பனி படிந்த ஏற்றத்தில் நின்று கிளம்பும்போதும், எஞ்சினின் எடை இயக்கும் சக்கரங்களின் மேலேயே இருப்பதால், புதியது எளிதாக நகர்கிறது. வறண்ட கோடைச் சாலையில் மட்டும் என் பழைய காரின் ஸ்டியரிங்கை விட்டுக்கொடுக்க மனமில்லை.

செட்டிபாளையத்தில் மழை நாளில் அந்த இரண்டு கார்களையும் ஓட்டியவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள்.