சட்டம் முடித்தபின்: கோர்ட், வகுப்பறை, மனித உரிமை வேலை மூன்றும் ஒன்றாக ஓடுமா?

யானைமலை அடிவாரம்:

வணக்கம். எல்.எல்.பி. கடைசி செமஸ்டர். ஊர் மேலூர்ப் பக்கம். பள்ளி, டிகிரி இரண்டுமே தமிழ் வழி. முடித்ததும் மூன்று வழி தெரிகிறது. ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேருவது. எல்.எல்.எம்., கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் இரண்டையும் முடித்து சட்டக் கல்லூரி ஆசிரியராவது. மனித உரிமை அமைப்பு ஒன்றில் மாதச் சம்பளத்துக்குச் சட்ட அலுவலராவது. ஆசை மூன்றின் மேலும் இருக்கிறது. சனத்தை, அதாவது வக்கீல் பதிவுச் சான்றிதழை, கையில் வைத்துக்கொண்டு எதுவரை போகலாம்? எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமை வழக்குகளில் புது வக்கீலுக்கு உண்மையில் என்ன வேலை கிடைக்கும்? விவரம் தெரிந்தவர்கள் விதியோடு சொன்னால் நல்லது. "மனசு சொல்றதைக் கேளு" என்ற பதில் வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது.

பழைய கேஸ் கட்டு:

தங்கச்சி, முதலில் சனத் கணக்கைத் தீர்த்துவிடுவோம்.

பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதி 49: தொழில் நடத்தும் வக்கீல் யாரிடமும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது. அரசு, கம்பெனி, டிரஸ்ட் என்ற பேதம் கிடையாது. அப்படி வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டுத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். ஆகவே அமைப்பில் சேருமுன் அந்த ஆர்டரை வரி வரியாகப் படியுங்கள். மாதச் சம்பளம், பி.எஃப்., விடுப்பு, வேலை நேரம் என்று இருந்தால் அது உத்தியோகம். வழக்குக்கு இவ்வளவு, ஆலோசனைக்கு இவ்வளவு என்று ஃபீஸாக இருந்தால் அது தொழில். உத்தியோகத்தில் இருந்துகொண்டே வக்காலத்தில் கையெழுத்துப் போட்டால் எதிர்த்தரப்பு ஒரு புகார் எழுதினால் போதும். மனித உரிமை வழக்குகளில் எதிரே நிற்பது பெரும்பாலும் போலீஸ். உங்கள் ஜாதகத்தைத் தேடி எடுக்க அவர்களுக்கு ஒரு நாள் ஆகாது.

பாடம் நடத்துவதற்கு மட்டும் தனி விலக்கு உண்டு. 1979-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு வக்கீல் சட்டப் பாடம் நடத்தலாம். நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மிகாத வரை, பதவிப் பெயரும் சம்பளமும் எதுவானாலும் அது பகுதிநேர வேலைதான். கெஸ்ட் லெக்சரர் வேலை இதற்குள் அடங்கும். அரசுக் கல்லூரி நிரந்தரப் பணி என்று வந்தால் அரசுப் பணி விதிகள் தனியாகக் கட்டுப்படுத்தும். அப்போது கறுப்பு கோட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

என்ரோல்மெண்ட் கட்டணம் பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய், ஸ்டாம்பு தனி. வேறு பெயர்களில் அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பதிவு செய்த 2 ஆண்டுக்குள் ஏ.ஐ.பி.இ. எனும் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். 100 கேள்வி, பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. குறிப்பு எழுதாத பேர் ஆக்ட் (உரை இல்லாத சட்டப் புத்தகம்) உள்ளே கொண்டுபோகலாம், தமிழிலும் எழுதலாம். சும்மா எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு 2 ஆண்டைத் தாண்டி முழிப்பவர்கள் பார் ரூமுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

நாலாம் பீரியட்:

ஆசிரியர் வழியைப் பற்றிச் சுருக்கமாக. எல்.எல்.எம்.மில் 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கு 50. நெட் தேர்வில் சட்டப் பாடத்தின் எண் 58. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் சுழற்சிகளில் வரும். அதே தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய். அதில் வயது வரம்பு இருக்கிறது, தள்ளிப்போட வேண்டாம். அரசு சட்டக் கல்லூரிப் பணியிடங்களை ஆசிரியர் தேர்வு வாரியம் நிரப்புகிறது. அறிவிப்பு எப்போதோதான் வரும். அதையே நம்பி வருஷக்கணக்கில் சும்மா உட்காருவது தற்கொலைக்குச் சமம்.

கட்டுரை எழுதுபவர்களுக்கு ஒன்று. பணம் கட்டினால் பத்து நாளில் அச்சாகும் ஜர்னல்கள் மதுரையில் வாட்ஸ்அப் குரூப் வழியாகவே ஆள் பிடிக்கின்றன. யு.ஜி.சி. 2025 பிப்ரவரியில் தான் ஏற்கும் ஜர்னல்களின் கேர் பட்டியலையே கைவிட்டுவிட்டது. இனி ஜர்னலின் தரத்தை அந்தந்தக் கல்லூரிதான் எடை போடும். நேர்முகத் தேர்வில் உங்கள் கட்டுரையிலிருந்தே ஒரு தீர்ப்பைக் கேட்பார்கள். காசு கொடுத்துப் போட்ட கட்டுரை அங்கேதான் பல்லிளிக்கும்.

பி.சி.ஆர். வராண்டா:

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் நாங்கள் பி.சி.ஆர். கோர்ட் என்று சொல்வது எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் சிறப்பு நீதிமன்றம். அங்கே அரசுத் தரப்பை நடத்துவது சிறப்பு அரசு வழக்கறிஞர். ஜூனியருக்கு இடம் எங்கே என்றால், அந்தச் சட்டத்தின் பிரிவு 15ஏ-வில். 2016 முதல் அமலில் இருக்கும் அந்தப் பிரிவு, ஜாமீன் உட்பட ஒவ்வொரு நடவடிக்கையையும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டித் தெரிவிக்கச் சொல்கிறது. அவர் தரப்பைக் கேட்கவும் சொல்கிறது. நோட்டீஸ் தராமல் கொடுத்த ஜாமீன் நிற்காது என்று ஹரிராம் பாம்பி வழக்கில் 2021-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், ஜாமீன் மனுப் போட்ட அன்றே ஒரு மெமோவோடு எழுந்து நிற்க ஆள் வேண்டும். சீனியர்கள் அதற்கு நேரம் ஒதுக்க மாட்டார்கள். புது வக்கீலுக்கு அதுதான் வாசல்.

அதைவிடப் பெரிய வேலை புகார் எழுதுவது. வழக்கு தோற்பது பாதிக்கு மேல் முதல் பக்கத்திலேயே. ஒரு டீக்கடை முன்னால் சாதிப் பெயர் சொல்லித் திட்டிய சம்பவம் என்று வையுங்கள். அதற்கான பிரிவுகள் 3(1)(ஆர்), 3(1)(எஸ்). புகாரில் விட்டுப்போகும் விஷயங்கள் எப்போதும் ஒரே மாதிரிதான். எதிரி எஸ்.சி., எஸ்.டி. அல்லாதவர் என்ற வரி இருக்காது. அந்த ஒரு வரிக்காகவே ஹைகோர்ட்டில் க்வாஷ், அதாவது வழக்கையே ரத்து செய்யக் கேட்பார்கள். அடுத்தது, திட்டியபோது யார் யார் நின்றார்கள் என்பது. சட்டத்துக்குப் 'பொதுப் பார்வை' வேண்டும். நாலு சுவருக்குள், வெளி ஆள் யாரும் இல்லாமல் நடந்தால் அது ஆகாது என்று 2020-இல் ஹிதேஷ் வர்மா தீர்ப்பு வந்தது. ஆகவே கடை எங்கே இருக்கிறது, ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் பெயர் எல்லாம் முதல் புகாரிலேயே வர வேண்டும். பிறகு ஸ்டேட்மெண்டில் சேர்த்தால் 'இட்டுக்கட்டியது' என்பார்கள். மூன்றாவது, சொன்ன சொல். "சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினார்" என்று நாகரிகமாக எழுதாதீர்கள். கேட்கக் கூசினாலும் சொன்னது சொன்னபடி.

ஸ்டேஷனில் என்ன நடக்கும்? சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து "விசாரிக்கிறோம்" என்பார்கள். சி.எஸ்.ஆர். புகாரைப் பெற்றதற்கான ரசீது மட்டும். அது வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3), 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடம் தருகிறது. 3(1)(ஆர்)-க்கு உச்சத் தண்டனை 5 ஆண்டு என்பதால் அதைக் காட்டுவார்கள். நீங்கள் வன்கொடுமைச் சட்டத்தின் 18ஏ-வைக் காட்டுங்கள். இந்தச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆருக்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது. அப்படியும் பதிவு செய்யவில்லை என்றால் சன்ஹிதாவின் 173(4)-இன்படி எஸ்.பி.க்கு, நகரமென்றால் கமிஷனருக்குத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்த ரசீதும் அபிடவிட்டும் இல்லாமல் மாஜிஸ்திரேட்டிடம் போலீஸ் விசாரணைக்கு உத்தரவு கேட்டு 175(3) மனுப் போட்டால் மனு அன்றைக்கே திரும்பும்.

எஃப்.ஐ.ஆர். ஆனபின் விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. நிலைக்குக் கீழே இருக்கக் கூடாது, வன்கொடுமைச் சட்ட விதிகளில் விதி 7. சாட்சி வாக்குமூலத்தை இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டு டி.எஸ்.பி. கையெழுத்து மட்டும் போட்டிருந்தால் குறுக்கு விசாரணையில் வெளியே வரும். தடுக்க முடிந்தால் அப்போதே எழுத்தில் தடுங்கள்.

யானைமலை அடிவாரம்:

நன்றி அண்ணே. ஒரு சந்தேகம். புகாரில் தமிழில் சொன்னபடியே எழுதியதை ஹைகோர்ட்டில் ஆங்கிலத்தில் எப்படிக் கொண்டுபோவது? என் ஆங்கிலம் சுமார்தான். அதனாலேயே பெஞ்சை விட்டுவிட வேண்டுமா?

டைப்டு செட்:

விட வேண்டாம். கீழ்க் கோர்ட்டுகளில் தமிழிலேயே எழுதலாம், பேசலாம். கிளையில் அபிடவிட் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், தமிழ் ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். அங்கே அலங்கார ஆங்கிலத்துக்கு வேலையே இல்லை. ஒரு பத்திக்கு ஒரு தேதி, ஒரு செயல். நாள், நேரம், இடம், யார், எந்தப் பக்கத்தில் ஆதாரம். இதைத் தமிழில் ஒழுங்காக எழுதத் தெரிந்தவருக்கு ஆங்கிலம் ஆறு மாதத்தில் வந்துவிடும்.

மொழிபெயர்ப்பில் கவிழ்வது சின்னச் சொற்களில். 'ஊர்', 'காலனி' இரண்டையும் வில்லேஜ் என்றே போட்டுவிடுவார்கள். எதிரி ஊர்த் தெருவிலிருந்து காலனிக்குள் வந்து அடித்தார் என்ற முழு வழக்கும் அதோடு போச்சு. வசைச் சொல்லை மொழிபெயர்க்காதீர்கள். ஒலி மாறாமல் ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருள் போடுங்கள்.

இன்னொன்று. சிறப்பு நீதிமன்றம் ஜாமீன் மறுத்தாலும் கொடுத்தாலும் மேலே போவது பிரிவு 14ஏ-வின் கீழ் கிரிமினல் அப்பீலாக. வழக்கமான ஜாமீன் மனு மாதிரி கிரிமினல் ஓ.பி. (அசல் மனு) என்று தாக்கல் செய்தால் ரெஜிஸ்ட்ரி அதைத் திருப்பி ரிட்டர்ன் போடும். வெள்ளிக்கிழமை ரிட்டர்ன் ஆனால் திங்கள் வரை கதை முடிந்தது.

வைகைத் தென்கரை:

மேலே யாரும் தொடாத இரண்டு விஷயம்.

ஒரே புகாரைத் தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் மாநில ஆணையத்துக்கும் சேர்த்து அனுப்பும் பழக்கம் நம் பக்கம் அதிகம். 1993 மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 36, வேறு ஆணையத்தில் நிலுவையில் உள்ளதைத் தேசிய ஆணையம் விசாரிக்கக் கூடாது என்கிறது. சம்பவத்திலிருந்து ஓராண்டு கடந்தாலும் எடுக்க முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். காவல் நிலைய அடி என்றால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டியவை: பெரியாஸ்பத்திரியில் காயத்தைப் பதியும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பிக்கு எழுதிக் கொடுப்பது, சி.சி.டி.வி. பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி அன்றே மனுக் கொடுப்பது. சுப்ரீம் கோர்ட்டின் 2020 டிசம்பர் 2 பரம்வீர் சிங் தீர்ப்பு பதிவை 18 மாதம் வைக்கச் சொல்கிறது. கருவியில் அந்த வசதி இல்லாத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கேட்காமல் விட்டால் 'ரிப்பேர்' என்ற பதில்தான் வரும்.

இரண்டாவது, சம்பளம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச சட்ட உதவி வக்கீல் பேனலில் சேரப் பொதுவாக 3 ஆண்டு அனுபவம் கேட்பார்கள். ஆனால் எல்.ஏ.டி.சி. எனப்படும் சட்ட உதவி எதிர்வாத வக்கீல் அமைப்பில் உதவி வக்கீல் பணி 0 முதல் 3 ஆண்டு அனுபவத்துக்கே. மாதந்தோறும் ஒரு தொகை உண்டு, தனியாகக் கேஸ் எடுக்கக் கூடாது. கிரிமினல் பக்கம் கை தேற இதைவிட நல்ல இடம் இப்போதைக்கு இல்லை. ஆனால் அங்கே நீங்கள் நிற்பது குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம். 15ஏ வேலைக்கு நேர் எதிர்ப்பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

பழைய கேஸ் கட்டு:

சட்டத்தோடு வகுப்பறையையோ உரிமைப் போராட்டத்தையோ சேர்த்துப் பிடித்தவர்கள் மதுரையில் இருந்திருக்கிறார்கள். நாவலர் சோமசுந்தர பாரதியார் வக்கீல் தொழிலிலிருந்து 1933-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைக்குப் போனவர். தமிழறிஞர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் சட்டம் படித்தவர், 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். மதுரை வக்கீல் வைத்தியநாத ஐயரை எல்லோருக்கும் தெரியும். 1939 ஜூலை 8 அன்று ஒடுக்கப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு அவர் நடத்திய மீனாட்சி கோயில் நுழைவு மட்டுமே பேச்சில் அடிபடுகிறது. அன்று உள்ளே போனவர்களையும் கோயில் அதிகாரிகளையும் வழக்கிலிருந்து காக்க ராஜாஜி அரசு பிறகு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்கள் காலத்தில் விதி 49 இல்லை, நெட் இல்லை. வரிசையை அப்படியே காப்பி அடிக்க முடியாது.

உங்களுக்கு என் யோசனை: என்ரோல் ஆகி முதல் மூன்று ஆண்டு பி.சி.ஆர். கோர்ட்டிலும் கிளையிலும் மாறி மாறி, கூடவே எல்.எல்.எம்.; அதன்பின் 3 மணி நேரக் கணக்கில் கெஸ்ட் வகுப்பு. சிவில் நீதிபதி தேர்வு ஆசை வந்தாலும் அந்த மூன்று ஆண்டு வீணாகாது, 2025 மே 20 தீர்ப்பின்படி 3 ஆண்டுத் தொழில் அனுபவம் கட்டாயம். தற்காலிக (புரவிஷனல்) என்ரோல்மெண்ட் தேதியிலிருந்தே எண்ணுவார்கள் என்பதால் ரிசல்ட் வந்த வாரமே சென்னையில் உள்ள பார் கவுன்சிலுக்கு விண்ணப்பம் போகட்டும்.