மைலோ டின்னில் இருந்த கடிதம்

கையெழுத்து சேகரிக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் கைநழுவிய கடிதம் பற்றி ஒரு கதையாவது இருக்கும். என்னிடம் இரண்டு உண்டு.

முதலாவது சிங்கப்பூரின் சுங்கை ரோடு திருட்டுச் சந்தையில். 2017 ஜூலையில் அதை மூடுவதற்குச் சில மாதங்கள் முன்பு, பழைய கைக்கடிகாரங்களுக்கு நடுவே பிளாஸ்டிக் உறையில் ஒரு கடிதம். கீழே முதல் பிரதமர் லீ குவான் யூ கையெழுத்து. 800 வெள்ளி என்றார் கடைக்காரர். பொய் சொல்லவில்லை, கை நடுங்கியது. அப்புறம்தான் தேதியைப் பார்த்தேன்: 1954 மார்ச். தாளின் தலைப்பிலோ அவருடைய மக்கள் செயல் கட்சியின் பெயர். கட்சி தொடங்கியதே அந்த ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி, விக்டோரியா நினைவு மண்டபத்தில்! பூதக்கண்ணாடியில் பார்த்தால் கையெழுத்து முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. பிரிண்டர் வேலை. நன்றி சொல்லி நகர்ந்துவிட்டேன்.

இரண்டாவதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். தோ பாயோவில் என் மாமனாரின் கோப்பிக்கடைக் கூட்டாளி ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரர், தொண்ணூறை நெருங்கியவர். 1952 மே மாதம் ஏறக்குறைய 500 தபால்காரர்கள் இரண்டு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதில் நின்றவர். அப்போது லீக்கு வயது 28. கட்சியும் இல்லை, தொகுதியும் இல்லை. லேகாக் அண்ட் ஓங் சட்ட நிறுவனத்தில் இளம் வழக்கறிஞர், தபால்காரர் சங்கத்துக்குச் சட்ட ஆலோசகர், அவ்வளவுதான். பின்னாளில் அமைச்சரான ராஜரத்தினம் 'சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையில் அவர்களுக்கு ஆதரவாக எழுதிக்கொண்டிருந்தார். 1955 தேர்தலில் தஞ்சோங் பகார் தொகுதியில் நின்று ஜெயித்த லீயை ஊர் முதலில் கவனித்தது இந்த வேலைநிறுத்தத்தில்தான். அதனாலேயே பிரதமர் காலத்துக் கையெழுத்தைவிட இந்தக் காலத்துக் கடிதத்துக்கு என்னைப் போன்றவர்கள் ஏங்குவது.

பெரியவர் மைலோ டின்னைத் திறந்தார். பழுப்பேறிய தாள், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த நாலைந்து வரி, ஏதோ கூட்டத்தின் நேரம் மாறியது பற்றி. அடியில் லீயின் பேனாக் கையெழுத்து. எல்லாம் சரி, ஆனால் லேமினேட் செய்திருந்தது!

"மகன் பாசமா செஞ்சு கொடுத்தான் தம்பி. இனிமே கரப்பான் அரிக்காது."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. லேமினேட் சூட்டில் பசை உருகித் தாளோடு ஒட்டிவிடும். பிரிக்கப் போனால் மையும் சேர்ந்து வந்துவிடலாம். தாளைத் தடவிப் பார்க்கவோ, பேனா அழுந்திய தடத்தைத் தேடவோ வழியில்லை. அசல் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் போலி செய்கிறவன் இவ்வளவு சப்பையான விஷயத்தை எழுதியிருப்பானா?

விற்பீர்களா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை, சிரித்தார்.

"ஊருக்கெல்லாம் கடுதாசி கொடுத்தவன் நான். எனக்கு வந்ததை ஒழுங்கா படிக்கல. அப்ப இங்கிலீஷ் அரைகுறை. நேரம் மாறினது தெரியாம பழைய நேரத்துக்கே போயி, ஒரு மணி நேரம் தனியா உட்கார்ந்திருந்தேன்."

கடிதத்தை டின்னில் வைத்து மூடிவிட்டு, இன்னொரு கோப்பி சொன்னார்.