வேலூரில் பழைய கோட்டு வாங்குமுன் எதையெல்லாம் பார்க்கணும்?

பாலாற்றங்கரை:

வணக்கம். பழைய துணிக் கடை ஒன்றில் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு ஒன்றை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். 350 ரூபாய் கேட்கிறார்கள். நாளை மாலைக்குள் பதில் சொல்லணும்.

உள்பாக்கெட்டுக்கு மேலே தையல்கடை லேபிள் இருக்கிறது. "மெயின் பஜார், வேலூர், வ.ஆ. மாவட்டம்" என்று முகவரி, அதன் கீழே நான்கு இலக்க போன் நம்பர். பின்கோடு இல்லை. லேப்பல் (காலருக்குக் கீழே மார்பில் மடிந்து கிடக்கும் பகுதி) நல்ல அகலம், டேப் வைத்தால் 4 இஞ்சு. வலது பக்கம் கீழ்ப்பாக்கெட்டுக்குக் கீழே துணி கொப்பளம் கொப்பளமாக எழும்பியிருக்கிறது. இடது கையில் குண்டூசித் தலை அளவுக்கு இரண்டு ஓட்டை. பாச்சை உருண்டை நாற்றம் தாங்க முடியவில்லை. போட்டுப் பார்த்ததில் தோள் இரண்டு பக்கமும் அரை இஞ்சு வெளியே நிற்கிறது.

இது எந்தக் காலத்துக் கோட்டு? கொப்பளம் சரியாகுமா? ஓட்டை பூச்சி அரித்ததா? தோளைக் குறைக்க முடியுமா? இந்த ஊரில் இதுமாதிரி வேறு என்ன தேடலாம் என்றும் சொல்லுங்கள்.

இன்ச் டேப்:

தம்பி, லேபிளைப் பார்த்ததுமே பாதி வேலை முடிந்தது. நம்ம ஊர்க் கோட்டுக்கு வயசு சொல்வது அந்த முகவரிதான்.

பின்கோடு நம் நாட்டுக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15. ஆறு இலக்கப் பின்கோடு அச்சடித்திருந்தால் அந்தக் கோட்டு அதற்கு முந்தியதாக இருக்கவே முடியாது. லேபிளில் உள்ள 'வ.ஆ.' என்பது வட ஆற்காடு. அது 1989இல் திருவண்ணாமலை சம்புவராயர், வட ஆற்காடு அம்பேத்கர் என்று இரண்டு மாவட்டமாகப் பிரிந்தது. வேலூர் மாவட்டம் என்ற பேர் அதற்கும் பிறகுதான். போன் நம்பரையும் பாருங்கள். இப்போது வேலூர் லேண்ட்லைன் 7 இலக்கம். நாலு, ஐந்து இலக்கம் என்றால் பழசு. தமிழ் லேபிளில் இன்னொரு அடையாளம் எழுத்து. 'சென்னை' என்பதில் உள்ள 'னை' துதிக்கை மாதிரிக் கொம்பு போட்ட பழைய வடிவத்தில் இருந்தால், அந்த அச்சு 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பழக்கம். 'துணை', 'விலை' என்ற சொற்களிலும் இதே வித்தியாசம் தெரியும்.

இதில் ஒரு எச்சரிக்கை. லேபிளை ஆயிரக்கணக்கில் நெய்து வாங்கி வைத்துவிட்டு, அது தீரும்வரை பல வருஷம் தைப்பார்கள். அதனால் 'பின்கோடு இருக்கிறது' என்பது உறுதியான சாட்சி. 'பின்கோடு இல்லை' என்பது பலவீனமான சாட்சி. லேபிளை மட்டும் வைத்து 1972க்கு முந்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது. 4 இஞ்சு லேப்பல் 1970களின் வெட்டு. முகவரி, போன் நம்பர், லேப்பல் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எழுபதுகளில் தைத்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்தது கொப்பளம். முன்பக்கத் துணிக்கு விறைப்புக் கொடுக்க உள்ளே கேன்வாஸ் வைப்பார்கள். நூலால் தைத்த கேன்வாஸ் தனியாக மிதக்கும். பேஸ்டிங் என்றால் பசை தடவிய துணியை இஸ்திரிச் சூட்டில் ஒட்டிவிடுவது. பசை இடையிடையே விட்டுப்போனால் அந்த இடம் கொப்பளிக்கும். பெட்டிச் சூடு, டிரைகிளீனிங் திரவம், ஆவி மூன்றும் பசையைப் பிரிக்கக்கூடியவை.

கடையிலேயே சோதிக்கலாம். கடைசி பட்டன் காஜாவுக்கு ஒரு இஞ்சு கீழே வெளித்துணியை ஒரு கை விரல்களால் கிள்ளுங்கள். உள்மடிப்புத் துணியை இன்னொரு கையால் கிள்ளி, இரண்டையும் மெதுவாக எதிரெதிரே இழுங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு அடுக்கு நழுவினால் தைத்த கேன்வாஸ். இரண்டே அடுக்கு, அதிலும் வெளித்துணி அட்டை மாதிரி இருந்தால் பேஸ்டிங். இதையே நெஞ்சுப் பகுதியிலும் லேப்பலிலும் செய்யுங்கள். பிறகு லேப்பலைத் திருப்பி, அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடியுங்கள். அரிசி நொய் அளவில் வரிசை வரிசையாகக் குழி தெரிந்தால் அது கைத்தையல். கேன்வாஸை லேப்பலோடு சேர்த்து ஊசியால் எடுத்த ஒவ்வொரு எடுப்பும் ஒரு குழி. அப்படிப்பட்ட லேப்பல் தட்டையாக மடங்கிக் கிடக்காது, பட்டனிலிருந்து உருண்டு எழும்பும். அதைக் கண்டால் மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அந்த வேலைக்கு இன்றைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம்.

காட்பாடி நூல்கண்டு:

ஓட்டை பற்றி நான் சொல்கிறேன். கோட்டின் கைக்குள்ளே மொபைல் டார்ச்சை விட்டு வெளியிலிருந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு என்றால், வெளிச்சத்தில் ஐந்தாறு தெரியலாம். அந்துப்பூச்சி அரித்த ஓட்டைக்கு ஓரம் ஒழுங்காக இருக்காது. சுற்றியுள்ள மேல் ரோமமும் மேய்ந்த மாதிரி குறைந்திருக்கும். காலருக்கு அடியில், பாக்கெட் மூலையில், அக்குள் பக்கம் விரலால் தடவுங்கள். துணியின் அதே நிறத்தில் மணல் மாதிரி பொடி உதிர்ந்தால் அது புழுவின் எச்சம். மெல்லிய வெள்ளைக் கூடு ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். வியர்வை பட்ட இருட்டு இடத்தைத்தான் புழு முதலில் தேடிப் போகும். ஓரம் கருகி இறுகியிருந்தால் சிகரெட் நெருப்பு. அதற்குப் பயப்பட வேண்டாம்.

கம்பளியா என்று தெரிய, உள்தையல் ஓரத்திலிருந்து ஒரு நூல் போதும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். வெளியே வந்து இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் அணையும், சாம்பல் விரலில் நசுங்கும். டெரிலின் (பாலியெஸ்டர்) உருகிக் கடினமான மணியாகும். முடி நாற்றமும் வந்து நசுங்காத மணியும் நின்றால் டெரிவுல், அதாவது டெரிலினும் கம்பளியும் கலந்தது. பருத்தி காகிதம் எரிவது மாதிரி எரிந்து மெல்லிய சாம்பலாகும்.

வாங்கினால் நேராக அலமாரிக்குள் வைக்காதீர்கள். உள்ளே உள்ள மற்ற கம்பளித் துணிக்கும் பூச்சி பரவும். பாலிதீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை ஒட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள். உடனே திறந்தால் குளிர்ந்த துணிமேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டி பல நேரம் அந்தக் குளிருக்கு வராது, ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது நல்லது. நீண்ட நேரம் கரண்ட் போய் உள்ளே இளகிவிட்டால் நாள் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். கறுப்புப் பையில் கட்டி மே மாத மொட்டை மாடியில் போட்டாலும் பூச்சி சாகும்தான். ஆனால் பேஸ்டிங் உள்ள கோட்டுக்கு அதைச் செய்யவே கூடாது, பசை விட்டுப்போகும்.

பாச்சை உருண்டை நாற்றத்துக்குத் தண்ணீர் வேண்டாம். அது காற்றில் ஆவியாகிப் போகும் பொருள். அகலமான ஹேங்கரில் மாட்டி, பாக்கெட்டை எல்லாம் வெளியே இழுத்துவிட்டு, நிழலில் காற்றோட்டமாக ஒரு வாரம் தொங்க விடுங்கள். நம் ஊர் வெயில் காலம் இதற்கு ரொம்ப உதவி. நேர் வெயிலில் போட்டால் தோள் மட்டும் வெளுத்துவிடும்.

கோட்டை வீட்டில் துவைக்காதீர்கள். வெளித்துணி, கேன்வாஸ், லைனிங் மூன்றும் மூன்று விதமாகச் சுருங்கும். கேன்வாஸ் இல்லாத கம்பளிப் பேன்ட், ஸ்வெட்டர் என்றால் ஆறின தண்ணீரும் பூந்திக்கொட்டைச் சாறும் போதும். கறை நீக்கும் என்சைம் கலந்த சலவைத்தூள் ஆகாது. கம்பளி புரதம், அந்த என்சைம் புரதத்தைத் தின்னும்.

பாலாற்றங்கரை:

இருவருக்கும் நன்றி. இன்று மறுபடி போய்ப் பார்த்தேன். நெஞ்சிலும் லேப்பலிலும் மூன்றாவது அடுக்கு நழுவுகிறது. லேப்பல் அடியில் நீங்கள் சொன்ன நொய்க் குழி வரிசை தெளிவாக இருக்கிறது. பாக்கெட்டுக்குக் கீழே மட்டும் இரண்டு அடுக்கு, ஒட்டிக்கிடக்கிறது. டார்ச் வைத்ததில் மொத்தம் மூன்று ஓட்டை, பொடி எதுவும் இல்லை. நூல் முடி நாற்றத்தோடு எரிந்து சாம்பலாக நசுங்கியது.

குடியாத்தம் கட்டம்:

கோட்டுக்குப் பதில் சொல்ல மற்றவர்கள் இருக்கிறார்கள். வேறு என்ன தேடலாம் என்று கேட்டீர்களே அண்ணா, கட்டம் போட்ட கைத்தறிச் சட்டையைத் தேடுங்கள். லுங்கிக்குப் பேர்போன எங்கள் குடியாத்தத்துப் பக்கம் இருந்துகொண்டு அதைக் கவனிக்காமல் விடுவது நியாயமில்லை. அமெரிக்காவில் பழைய ஆண்கள் உடை சேகரிப்பவர்கள் 'மெட்ராஸ்' என்று தேடுவது நம் கட்டத் துணியைத்தான். 1958இல் துணி ஏற்றுமதியாளர் கேப்டன் கிருஷ்ணன் நாயர் விற்ற சரக்கு அமெரிக்காவின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் துணிக்கடைவரை போனது. குளிர்ந்த நீரில் தனியாக அலசணும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களிடம் போய்ச் சேரவில்லை. துவைத்ததும் சாயம் ஓடியது. புகார் கிளம்பியது. பிறகு சாயம் ஓடுவதையே சிறப்பு என்று சொல்லி விற்றார்கள். துவைக்கத் துவைக்க ஒரு கட்டத்தின் நிறம் பக்கத்துக் கட்டத்தில் இறங்கி மங்கலாகக் கலக்கும். அந்தக் கலங்கல்தான் அதன் அழகு.

அசலைப் பார்ப்பது எளிது. சட்டையைத் திருப்பிப் போடுங்கள். சாயம் தோய்த்த நூலில் நெய்த துணிக்கு உள்ளும் புறமும் ஒரே நிறம். பிரிண்ட் கட்டம் என்றால் உள்பக்கம் வெளிறியிருக்கும். பாக்கெட்டில் கட்டமும் சட்டைக் கட்டமும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா பாருங்கள். தைத்தவரின் அக்கறை அங்கே தெரியும். உள்தையலில் ஈர வெள்ளைத் துணியைத் தேய்த்தால் நிறம் ஒட்டலாம். ஒட்டினால் எப்போதும் தனியாக, பச்சைத் தண்ணீரில், கல்லுப்பு ஒரு பிடி போட்டு அலசுங்கள். ஊற வைக்காதீர்கள்.

ஆம்பூர் அடித்தோல்:

செருப்பு, ஷூ பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் பக்கம் மலிவாகக் கிடைக்கும் ஏற்றுமதி மிச்சம் புதுச் சரக்கு. அதைப் பழங்காலத்து ஷூ என்று சொன்னால் நம்ப வேண்டாம். பழைய ஷூவை வாங்குவதென்றால் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். உள்ளங்கால் அட்டையில் சுற்றிலும் தையல் தட்டுப்பட்டால் பிளேக் தையல். உள்ளே தையல் இல்லாமல் வெளி விளிம்புப் பட்டையில் மட்டும் இருந்தால் குட்இயர் வெல்ட் ஆக இருக்கலாம். அப்படியானால் அடித்தோலை மாற்றி மாற்றிப் போடலாம். ஆனால் ஒட்டு ஷூவிலும் அழகுக்காகப் பொய்த் தையல் போடுவார்கள். அதனால் அந்தத் தையல் அடிப்பக்கமும் இறங்கி வந்திருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் மாதிரி இருக்கும் பியூ (பாலியூரித்தேன்) அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பிசுபிசுத்தாலோ உதிர்ந்தாலோ விட்டுவிடுங்கள். ஈரக்காற்றில் அந்தப் பொருள் தானாகவே சிதையும். பெட்டியிலேயே வைத்திருந்தாலும் தப்பாது. விரல் மடங்கும் இடத்தில் சுருக்கம் இருந்தால் பரவாயில்லை. நகம் மாட்டும் அளவு வெடிப்பு என்றால் மெழுகு போட்டாலும் திறந்துகொள்ளும்.

இன்ச் டேப்:

தம்பி, நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அது அரைக் கேன்வாஸ் கோட்டு. மேலே கைத்தையல், கீழே பேஸ்டிங். கொப்பளம் கீழே இருப்பதால் லேப்பலின் உருட்டு கெடவில்லை. ஈரத்துணியை மேலே போட்டு, கம்பளிச் சூட்டில் பெட்டியைத் தேய்க்காமல் 10 முதல் 15 விநாடி அழுத்தி வைத்து எடுங்கள். அசைக்காமல் ஆறவிடுங்கள். பெரும்பாலும் படியும். நிரந்தரம் என்று நம்பாதீர்கள், டிரைகிளீனிங் போனால் திரும்ப எழும்பலாம். ஓட்டைக்கு ரஃபு போடுபவரிடம், அதாவது நூலால் பின்னி ஓட்டையை அடைப்பவரிடம், கொடுங்கள். உள்தையலில் விட்டுவைத்த துணியிலிருந்தே நூலை உருவிப் பின்னினால் நிறம் மாறாது.

தோள்தான் உண்மையான கேள்வி. கையைப் பிரித்து, தோளை வெட்டி, உள்ளே வைத்த தோள் பேடைக் (பஞ்சுத் திண்டை) குறைத்து, மறுபடி கை ஏற்றணும். கூலி கோட்டின் விலையைத் தாண்டும், கையின் விழுகையும் கெடலாம். அரை இஞ்சு என்றால் உள்ளே முழுக்கைச் சட்டை போட்டு இன்னொரு முறை நின்று பாருங்கள். கையின் தலைப்பகுதியில் பள்ளம் விழாமல் நேராக இறங்கினால் அப்படியே போடலாம். பள்ளம் விழுந்தால் வேண்டாம். மற்றதெல்லாம் மாற்றக்கூடியது. இடுப்பில் இரண்டு இஞ்சுவரை பிடிக்கலாம். கை நீளத்தைக் குறைக்கலாம், நீட்டவும் உள்மடிப்பில் துணி இருந்தால் ஒன்றரை இஞ்சு கிடைக்கும். ஆனால் பழைய மடிப்புக் கோடு தெரியும். உயரத்தில் ஒரு இஞ்சுக்கு மேல் வெட்டினால் பாக்கெட் தரைக்கு வந்த மாதிரி ஆகிவிடும்.

எங்கே தேடுவது என்றால், பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கோட்டும் சஃபாரியும் தனியாக எடுத்து வைப்பார்கள். பழைய தையல்கடைகளில் வாங்கிப் போகாமல் விட்ட துணி இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த வெயில் ஊரில் கோட்டு என்பது கல்யாணத்துக்குத் தைத்து, வரவேற்பில் ஒரு மாலை போட்டுப் பெட்டிக்குள் போவது. அதனால்தான் முழங்கையும் காலரும் தேயாமல் கிடைக்கிறது. சஃபாரி அப்படியில்லை, ஆபீசுக்குத் தினமும் போட்டது. காலர் மடிப்பையும் பேன்ட்டின் இருக்கைப் பகுதியையும் வெளிச்சத்தில் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

பாலாற்றங்கரை:

முழுக்கைச் சட்டையோடு போட்டுப் பார்த்தேன். பள்ளம் விழவில்லை, கை நேராக இறங்குகிறது. 300க்கு வாங்கிவிட்டேன். பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்தாயிற்று. தெர்மாமீட்டர் மைனஸ் 19 காட்டுகிறது.