மழைக்கு முன் பிரபுவின் வண்டி – போடி உறவுகள் குழுவில்

*சனிக்கிழமை*

பிரபு: எல்லோருக்கும் வணக்கம். வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. மகிந்திரா தார், 2021 பதிவு, டீசல், ஃபோர் வீல், கியர் வண்டி. செகண்ட் ஹேண்டு என்பது உங்களுக்குத் தெரியும். பருவமழை பிடிப்பதற்குள் சாந்தன்பாறைத் தோட்டத்துப் பாதைக்குத் தயார் செய்ய வேண்டும். இரும்பு பம்பர், 33 அங்குல டயர், வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தும் கிட், ஸ்நார்க்கெல் (எஞ்சினுக்குக் காற்று எடுக்கும் உயரக் குழாய்), கூரையில் எல்.இ.டி. விளக்கு, இவ்வளவுக்கும் ஒரு கடையில் விலை கேட்டிருக்கிறேன். உங்கள் யோசனை வேண்டும்.

அம்மா: எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியாயிற்று. இனி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சித்தப்பா (தோட்டம்): ரொம்ப சந்தோஷம் பிரபு. கடைக்கு முன்பணம் கொடுத்துவிட்டாயா?

பிரபு: இல்லை சித்தப்பா.

சித்தப்பா (தோட்டம்): கொடுக்காதே. முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பார். ஏலக்காய்த் தோட்டத்தில் என் மகிந்திரா 540 ஜீப் இத்தனை வருடம் ஓடுவதற்கு மேலே மாட்டிய சாமான் எதுவும் காரணமில்லை. கிரீஸ் நிப்பிள் ஒவ்வொன்றிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடிப்பேன். ஸ்பிரிங் பட்டை, அதைப் பிடிக்கும் ஷாக்கிள், ஜாயிண்ட் ஷாஃப்ட் கிராஸ் எல்லாவற்றையும் கையால் ஆட்டிப் பார்ப்பேன். உன் வண்டியில் பட்டை கிடையாது, நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங். ஆனாலும் சேறு புகும் இடம் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

அகிலா அக்கா (கோவை): அப்பா சொல்வது சரி. பழைய வண்டி என்றால் எஞ்சின், கியர் பாக்ஸ், முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் ஆக்சிலில் இருக்கும் கிரௌன் (டிஃபரன்ஷியல்) எல்லா எண்ணெயையும் இறக்கிப் பார்ப்பதுதான் முதல் வேலை. முந்தையவர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்பதை அந்த எண்ணெய் சொல்லிவிடும்.

செல்வம் மச்சான்: மாப்பிள்ளை, நாளைக் காலை தேனிக்குக் கொண்டு வா. பட்டறையில் கூட்டம் இருக்காது. நிதானமாகத் தூக்கிப் பார்க்கலாம்.

*ஞாயிற்றுக்கிழமை*

செல்வம் மச்சான்: 📷 படம்

செல்வம் மச்சான்: எல்லோரும் பாருங்கள். பின் கிரௌனில் இறக்கிய எண்ணெய். பால் கலந்த காப்பி நிறத்தில் வருகிறது. தண்ணீர் புகுந்திருக்கிறது.

பிரபு: விற்றவர் தண்ணீரில் இறக்கியதே இல்லை என்றாரே!

சித்தப்பா (தோட்டம்): செல்வம், ஹவுசிங் மேல் இருக்கும் மூச்சுக் குழாயைப் பார்.

செல்வம் மச்சான்: 📷 படம்

செல்வம் மச்சான்: சரியாகச் சொன்னீர்கள் மாமா. ரப்பர் குழாய் கழன்று தொங்குகிறது, அதன் நுனியில் காய்ந்த செம்மண் அடைத்திருக்கிறது.

பிரபு: அந்தச் சின்னக் குழாயால் இவ்வளவு தண்ணீர் எப்படி உள்ளே போகும்?

சித்தப்பா (தோட்டம்): மலை ஏறி வரும்போது கிரௌன் கொதித்துப்போயிருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சூட்டில் விரிந்திருக்கும். அப்படியே ஓடையில் இறக்கினால் இரும்பு சட்டென்று குளிர்கிறது, உள்காற்று சுருங்குகிறது, வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சியே ஆக வேண்டும். மூச்சுக் குழாய் சரியாக இருந்தால் அதன் வழியாகக் காற்றை உறிஞ்சும். குழாய் கழன்று கிடந்தால் அந்த இடத்திலேயே தண்ணீரை உறிஞ்சும். அடைத்திருந்தால் ஆக்சில் சீல் வழியாக இழுக்கும். அதனால்தான் ஓடையில் இறங்குவதற்கு முன் கரையில் சற்று நேரம் வண்டியை நிறுத்தி ஆறவிடுவோம்.

அகிலா அக்கா (கோவை): பிரபு, உன் முதல் அப்கிரேடு இதுதான். நான்கு மூச்சுக் குழாய்களையும் நீளமான ரப்பர் குழாய் போட்டு உயரத்துக்கு ஏற்றிவிடு. முன்பக்கத்தில் உள்ளவை எஞ்சின் அறையின் மேற்பகுதி வரையும், பின்பக்கத்தில் உள்ளது பின்விளக்கு உயரம் வரையும் போகட்டும். செலவு மிகக் குறைவு. உன் பட்டியலில் இருக்கும் ஸ்நார்க்கெல்லை விட இதுதான் அந்த ஓடையில் உன்னைக் காப்பாற்றும்.

பிரபு: ஸ்நார்க்கெல் வேண்டாமா அக்கா?

அகிலா அக்கா (கோவை): ஸ்நார்க்கெல் எஞ்சின் மூச்சு வாங்கும் இடத்தை உயர்த்துகிறது, அவ்வளவுதான். ஆல்டர்னேட்டரும் வயரிங்கும் பழைய உயரத்திலேயே இருக்கும். வரிசையாகப் புழுதியில் போகும் வண்டிகளுக்கு அதனால் நல்ல பயன் உண்டு. உங்கள் பாதையில் புழுதியை விடச் சேறுதான் அதிகம்.

சித்தப்பா (தோட்டம்): உன் வண்டிக்குக் கம்பெனி சொல்லும் தண்ணீர் ஆழம் 650 மில்லிமீட்டர். அது அசையாமல் நிற்கும் தண்ணீருக்கான கணக்கு என்று வைத்துக்கொள். நம் ஓடை மழைக்காலத்தில் இழுக்கும். முழங்கால் உயர வெள்ளமே வண்டியைத் தள்ளிவிடும். கம்பை ஊன்றி நடந்து கடந்து பார்க்க முடியாத தண்ணீரில் வண்டியை இறக்கவே கூடாது. இறக்கினால் ஃபோர் வீல் லோவில் (மெதுவாக, பலமாக இழுக்கும் நிலை) முதல் கியர், நடக்கும் வேகம், நடுவில் கிளட்ச்சை மிதிக்காதே. எஞ்சின் நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் செய்யவும் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

செல்வம் மச்சான்: கிரௌனைப் பற்றிக் கவலை வேண்டாம் மாப்பிள்ளை. பல்லில் துரு ஏறவில்லை, பேரிங்கில் சத்தமும் இல்லை. புது எண்ணெய் ஊற்றிக் கொஞ்சம் ஓட்டிவிட்டு, அதையும் இறக்கி, மறுபடி புதிது ஊற்றுகிறேன். இதில் ஒரு சக்கரம் வழுக்கினால் இரண்டையும் பூட்டும் மெக்கானிக்கல் லாக்கர் இருப்பதால் கையேட்டில் போட்டிருக்கும் எண்ணெய்தான், வேறு கிடையாது. சீல் இரண்டையும் மாற்றிவிடலாம்.

செல்வம் மச்சான்: இன்னொன்று. எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறது. முந்தையவர் பெரும்பாலும் டவுனுக்குள்ளேயே ஓட்டியிருக்க வேண்டும்.

பிரபு: ஆயில் அதிகமாக இருந்தால் நல்லதுதானே மச்சான்?

செல்வம் மச்சான்: இல்லை. இது பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசல். புகைப்போக்கியில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது, டி.பி.எஃப். என்பார்கள். வண்டி நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓடும்போது அது சூடேறிக் கரியை எரித்துக்கொள்ளும். எரிக்கும் வேலை பாதியில் நிற்கும்படி அடிக்கடி வண்டியை அணைத்தால், அதற்காகச் செலுத்திய டீசல் எரியாமல் எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. மட்டம் ஏறுகிறது, ஆயில் நீர்த்துப்போகிறது. தோட்டத்துக்குள்ளேயே இருபது கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டிருந்தால் உனக்கும் இதுதான் நடக்கும். வாரம் ஒரு முறை உசிலம்பட்டி சாலையில் நிறுத்தாமல் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வா. ஆயில் வாங்கும்போது சாம்பல் குறைந்த சி3 வகை என்று டப்பாவில் பார்த்து வாங்கு. மற்ற ஆயிலின் சாம்பல் அந்த வடிகட்டியில் படிந்துவிடும், அது எரிந்தும் போகாது.

சித்தப்பா (தோட்டம்): என் 540க்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் புகை கண்ணைக் கரிக்கும். செல்வம் சொல்வதைக் கேட்டு நட பிரபு.

பெரிய மாமா: மருமகனே, இன்சூரன்ஸ் சர்வேயராக வேலை பார்த்த காலத்தில் மோதிய வண்டிகளை நிறையப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த இரும்பு பம்பரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் இவற்றின் மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது.

பிரபு: மலையில் காட்டுமாடு குறுக்கே வருகிறதே மாமா, பாதுகாப்புக்குத்தான்.

பெரிய மாமா: பாதுகாப்பு என்றுதான் எல்லோரும் மாட்டுகிறார்கள். உன் வண்டி 2020இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது கம்பெனி பம்பரோடு. மோதும்போது முன்பகுதி நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், அந்த அதிர்வை வைத்துத்தான் ஏர்பேக் எப்போது விரிவது என்று முடிவாகிறது. சேஸிஸோடு முடுக்கிய இரும்புக் குழாய் அந்தக் கணக்கைக் குலைக்கிறது. எதிரே நடந்து வருபவனுடைய நிலையையும் யோசி. பள்ளிப் பிள்ளைகள் போடிமெட்டுச் சாலையில் நடந்துதான் போகிறார்கள்.

அம்மா: அது வேண்டவே வேண்டாம். அண்ணன் சொல்லிவிட்டது.

பிரபு: சரி மாமா, எடுத்துவிட்டேன். கூரை விளக்கு?

சித்தப்பா (தோட்டம்): போடிமெட்டு மூடுபனியில் உயரத்திலிருந்து வெள்ளை விளக்கு அடித்தால் பனிதான் வெளிச்சமாகத் தெரியும், பாதை தெரியாது. பம்பருக்குக் கீழே தாழ்வாக மஞ்சள் விளக்கு போடு. ஹை பீமும் வேண்டாம்.

அகிலா அக்கா (கோவை): டயருக்கு வருகிறேன். என் மாருதி ஜிம்னியில் 195/80 ஆர்15 என்ற மெலிந்த டயர்தான். கம்பெனி அளவிலேயே ஏ.டி. (சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான) டயர் மாற்றினேன், வேறு எதையும் தொடவில்லை. அது போகாத இடம் எனக்கு இதுவரை வேண்டியிருக்கவில்லை. உன் வண்டியில் 255/65 ஆர்18 இருக்கிறது. அதன் மொத்த உயரம் ஏறத்தாழ 789 மி.மீ. 33 அங்குலம் என்றால் 838. மீட்டர் அறுபது காட்டும்போது நீ அறுபத்து நான்கில் போவாய். கியர் கனக்கும், பிரேக் தாமதமாகப் பிடிக்கும். ஸ்டெப்னி பின்கதவில் தொங்குவதால் அந்தக் கீலும் கூடுதல் எடையைத் தாங்க வேண்டும்.

பிரபு: அப்படியானால் இதே அளவில் ஏ.டி. போதுமா?

அகிலா அக்கா (கோவை): போதும். இன்னும் நல்ல வழியும் ஒன்று இருக்கிறது. இதே தாரின் ஏ.எக்ஸ். வகைக்குக் கம்பெனி கொடுத்த அளவு 245/75 ஆர்16. அதில் டயரின் பக்கச் சுவர் 184 மி.மீ. உயரம். உன்னுடையது 166. உயரமான பக்கச் சுவர் கல்லில் வளைந்து கொடுக்கும், காற்றைக் குறைத்து ஓட்டவும் வசதி. தரை இடைவெளியில் ஏழு மில்லிமீட்டர்தான் குறையும், 226 இருக்கும் வண்டிக்கு அது ஒன்றுமே இல்லை. செல்வம், வாங்குவதற்கு முன் ஒரு 16 அங்குல ரிம்மை மாட்டிச் சுற்றிப் பார்த்துவிடு, பிரேக் காலிப்பரில் உரசக் கூடாது.

செல்வம் மச்சான்: சரி மதினி. ஏ.எக்ஸ். ரிம் ஒன்று பட்டறையிலேயே கிடக்கிறது, பார்த்துச் சொல்கிறேன்.

பெரிய மாமா: கம்பெனியே அந்த வண்டிக்குக் கொடுத்த அளவு என்பதால் இது நியாயமான மாற்றம். ஆனாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்துப் பதிலை வாங்கி வைத்துக்கொள்.

அகிலா அக்கா (கோவை): காற்றைக் குறைப்பதைப் பற்றியும் கேள். டயர் மாற்றுவதை விட இதில் பயன் அதிகம், செலவே இல்லை. தார்ச்சாலை முடியும் இடத்தில் நிறுத்தி, சேற்றுக்கு 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கு. டயர் தரையில் நீளமாகப் படிந்து பிடிக்கும். பதினைந்துக்குக் கீழே போகாதே, திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டு நழுவிவிடும். திரும்பிச் சாலை ஏறும்போது மறக்காமல் கதவோர அட்டையில் உள்ள அளவுக்கு ஏற்றிவிடு, குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடேறிக் கிழியும். பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரெஸர் ஒன்று வாங்கிப் பின்சீட்டுக்கு அடியில் வை.

சித்தப்பா (தோட்டம்): இழுப்பதற்குச் சங்கிலி நான் தருகிறேன்.

அகிலா அக்கா (கோவை): அப்பா, அந்தச் சங்கிலி வேண்டாம். மெதுவாக, சீராக இழுப்பதற்கு மட்டும் பரவாயில்லை. வெட்டி இழுத்தால் கண்ணி அறுந்து தெறிக்கும். பிரபு அவசரத்தில் வெட்டித்தான் இழுப்பான். நீண்டு சுருங்கும் நைலான் வடம் வாங்கட்டும், அது 20 முதல் 30 சதவீதம் நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கம்பெனி கொடுத்த கொக்கியில் மட்டும் மாட்ட வேண்டும். டிரெய்லர் உருண்டையில் மாட்டவே கூடாது. அது பிய்த்துக்கொண்டு வந்தால் பின்னால் நிற்பவர் உயிரோடு இருக்க மாட்டார்.

சித்தப்பா (தோட்டம்): சரி தாயி. வடமே வாங்கட்டும். இழுக்கும்போது ஆட்கள் வடத்தின் நீளத்துக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்.

பிரபு: ஒரு சந்தேகம். இன்று வரும் வழியில் சாலையிலேயே 4எச் (ஃபோர் வீல் ஹை) போட்டுப் பார்த்தேன். யூ டர்ன் எடுக்கும்போது வண்டி இழுத்துப் பிடிப்பதுபோல இருந்தது. பழுதா?

செல்வம் மச்சான்: பழுது இல்லை. திரும்பும்போது முன்சக்கரம் போகும் தூரம் வேறு, பின்சக்கரம் போகும் தூரம் வேறு. இந்த வண்டியில் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன, நடுவில் வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க எதுவும் கிடையாது. மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கித் தன்னைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த சாலையில் அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறும். சாலையில் 2எச் (பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) மட்டும். ஆனால் மாதம் ஒரு முறை மண் பாதையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டு. எண்ணெய் எல்லா இடமும் போகும், சீலும் காயாது.

பிரபு: உயர்த்தும் கிட் பற்றி யாரும் சொல்லவில்லையே.

செல்வம் மச்சான்: முன்பக்கம் தனித்தனிச் சஸ்பென்ஷன். உயர்த்தினால் டிரைவ் ஷாஃப்ட் சாய்வு கூடும், ரப்பர் பூட் கிழியும், அதன் வழியாக மண் புகும். இந்த மழைக்காலம் முழுக்க வண்டி அடியில் இடிக்கிறதா என்று பார். இடித்தால் பேசலாம்.

சித்தப்பா (தோட்டம்): இறக்கத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவு. ஏறிய கியரிலேயே இறங்கு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதே. செல்வம், பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றிவிடு. மலை ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும், சூடானால் கொதித்து மிதி உள்ளே போய்விடும்.

செல்வம் மச்சான்: குறித்துக்கொண்டேன் மாமா. டாட் 4 வகை பிரேக் ஆயில், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. டீசல் ஃபில்டரில் சேர்ந்த தண்ணீரையும் இப்போதே இறக்கிவிட்டேன்.

அம்மா: தம்பி, என் பங்குக்கு ஒன்று. அதில் நான்கு பேருக்குத்தான் சீட். ஏலக்காய்ப் பழம் எடுக்கும் நாளில் ஆட்களைப் பின்னால் நிற்க வைத்து ஏற்றுவது இந்த வண்டியில் கூடாது. கூலி ஆட்களுக்குத் தனி வண்டி பேசிக்கொள்.

பிரபு: சரி அம்மா. அக்கா, டயர் ஐந்தும் மாற்ற வேண்டுமா, நான்கு போதுமா? ஸ்டெப்னி புத்தம் புதிதாக இருக்கிறது, தரையையே தொடவில்லை.

அகிலா அக்கா (கோவை): டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். படம் எடுத்து அனுப்பு.

பிரபு: 📷 படம்

அகிலா அக்கா (கோவை): 4820. 2020ஆம் ஆண்டின் 48ஆவது வாரம் செய்தது. வெயிலில் தொங்கியே ரப்பர் காய்ந்திருக்கும். ஐந்தாகவே வாங்கு, ஐந்தையும் சுழற்சியில் மாற்றி மாற்றி ஓட்டு.

செல்வம் மச்சான்: மதினி, ரிம் மாட்டிப் பார்த்துவிட்டேன். காலிப்பருக்கும் ரிம்முக்கும் இடையில் விரல் தாராளமாகப் போகிறது. மாப்பிள்ளை, புதன்கிழமை வரை வண்டி இங்கேயே நிற்கட்டும். சீல் நாளை வந்துவிடும்.