'நொமினி'க்கு என்ன சொல்? வெள்ளிக்குள் வேண்டும்

வெள்ளவத்தை:
அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது விழாத் தொகுப்பு ஒன்றுக்கு உபதலைப்பு எழுதுகிறோம். வெள்ளி மாலை கையளிக்க வேண்டும். விருதுக்கான போட்டிப் பட்டியலில் இருப்பவரைக் குறிக்கும் 'நொமினி' நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. 'பரிந்துரைக்கப்பட்டவர்' 13 எழுத்து. விசிறி, கொம்பு, குற்று எல்லாவற்றையும் தனித்தனியே எண்ணும் மென்பொருளுக்கோ அது 21. வரிக்கு 32தான் இடம். ஆளின் பெயரை எங்கே போடுவது?

தெகிவளை:
'நியமனம்' இருக்கிறதே?

கொட்டாஞ்சேனை:
ஆசிரிய நியமனம் போல, நடிகைக்கு நியமனக் கடிதம் கிடைத்த மாதிரி இருக்கும் ஐயா. காணி அனுமதிப்பத்திரத்தில் வரும் 'பின்னுரித்தாளர்' இன்னும் மோசம். உரியவர் கண்மூடினால்தான் அவருக்கு உரிமை.

பம்பலப்பிட்டி:
நடைமுறையைப் பார்த்தால் பாதிச் சொற்கள் தாமாக விழும். எம்மியில் யாரும் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. தயாரிப்பாளரோ கலைஞரோ தாமே விண்ணப்பிக்கிறார்கள். முதல் சுற்றில் நடிகருக்கு நடிகரும் படத்தொகுப்பாளருக்குப் படத்தொகுப்பாளரும் வாக்களிப்பார்கள். அதில் மேலே வந்தவர்தான் நொமினி. வென்றவர் யாரென்பது இரண்டாம் சுற்று வாக்கில் தெரியும். ஆக, இரண்டு வாக்குக்கும் நடுவில் நிற்பவருக்குத்தான் பெயர் தேடுகிறோம். 'பரிந்துரை' பொய். 'முன்மொழிவு' என்றால் வழிமொழிந்தது யார் என்பார்கள். 'தெரிவானவர்' நம் ஊரில் வென்றவர். நடுவர் குழு நேரே முடிவு செய்யும் சில பிரிவுகளில் நொமினியே கிடையாது. அங்கே பழக்கதோஷத்தில் இந்தச் சொல்லைப் போட்டுவிடாதீர்கள்.

தெகிவளை:
தாமே விண்ணப்பிக்கிறார்கள் என்றால் 'வேட்பாளர்'! வேள் என்ற அடியில் வேட்கை, வேட்டல், வேள்வி எல்லாம் கிளைத்தவை. விரும்பி வந்து நிற்பவர்.

கொட்டாஞ்சேனை:
சுவரொட்டியும் விருப்பு இலக்கமும்தான் கண்ணில் வரும். மேலும் வேட்பாளர் வாக்குக்கு முன் நிற்பவர். இவர் ஒரு வாக்கெடுப்பைத் தாண்டி வந்தவர்.

தெகிவளை:
விருதின் பெயரையே யாரும் கவனிக்கவில்லை. முதல் விழா 1949இல். இமேஜ் ஓர்த்திக்கன் என்ற கமராக் குழாயை அக்காலத் தொழில்நுட்பர் செல்லமாக 'இம்மி' என்பார்கள். சிலை பெண்ணுருவாக இருந்ததால் அது 'எம்மி' ஆயிற்று. நம் பழைய பின்ன அளவுகளான கீழ்வாய் இலக்கத்தில் முந்திரிக்கும் கீழே இம்மி, அதற்கும் கீழே அணு. அந்தச் சிலைப் பெண் கையில் ஏந்தியிருப்பது என்ன? அணு!

வெள்ளவத்தை:
அருமை ஐயா. ஆனால் வெள்ளிக்கு இம்மியும் உதவாது.

கொட்டாஞ்சேனை:
'இறுதியாளர்'?

வெள்ளவத்தை:
இறுதிக்கிரியை நினைவு வருகிறது, அக்கா.

பம்பலப்பிட்டி:
பெயர்ச்சொல்லை விடுங்கள். பெயர்கள் வரிசையாக வரும் அட்டையில் 'போட்டியில்:' என்று போடுங்கள். 5 எழுத்து, மென்பொருளுக்கும் 10தான். பேச்சில் வந்தால் வினையாக்குங்கள்: 'மூன்று முறை இறுதிப் போட்டிக்கு வந்தவர்.'

கொட்டாஞ்சேனை:
அழகில்லை. சரி, போகட்டும்.

வெள்ளவத்தை:
எனக்கும் சம்மதம். இன்றிரவே மாற்றிவிடுகிறேன்.

தெகிவளை:
'எம்மி நொமினி' என்ற அடைமொழியோடு ஒருவரை மேடைக்கு அழைப்பார்களே, அங்கே 'எம்மி போட்டியில்' என்றா எழுதுவீர்கள்? என் வேட்பாளரை நான் வாபஸ் வாங்கவில்லை.